முப்பத்திரண்டு நாள் விரதம்

பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கம் பாடம் நடத்துகிறவன் நான். விந்தணுவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, தலை எது, வால் எது என்று பாகம் குறித்தே பல வருடம் ஓட்டியவன். அப்படிப்பட்டவன் செய்கிற காரியமா அது என்று இன்றைக்கும் என் மேல் எனக்கு எரிச்சல் வரும்.

கல்யாணமாகி ஏழு வருடம். குறை என் பக்கம்தான் என்று பரிசோதனையில் தெளிவாகவே வந்துவிட்டது. அணுக்கள் குறைவு, இருப்பவற்றிலும் நீந்துகிறவை மிகக் குறைவு. மனைவியின் கருமுட்டைகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அணுவை ஊசியால் செலுத்திப் பார்க்கலாம் என்றார் கும்பகோணத்து டாக்டர். இந்த ஒரு தடவைதான், இன்னொரு தடவை தன் உடம்பு தாங்காது என்று மனைவி முன்பே சொல்லிவிட்டாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு ஸ்கேன், மாத்திரை, வயிற்றில் ஊசி. எனக்கு என்ன இருந்தது? வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காரைக்காலிலிருந்து நடந்து வருவதாக வேண்டிக்கொண்டு காவி கட்டினேன். கறி, மீனை விட்டேன். கூடத்தில் பாய் போட்டுத் தனியாகப் படுத்தேன். நடந்து முடித்த பிறகும் விரதத்தை விடவில்லை. மாதாவுக்காக என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் வேறு எண்ணம்: சேர்த்து வைத்தால் அணுக்கள் கூடும் அல்லவா? விந்து எடுப்பதற்கு முன் இரண்டிலிருந்து ஐந்து நாள் இடைவெளி போதும் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் தமிழிலேயே அச்சடித்திருந்தது. படித்தேன். அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டை எடுக்கும் நாள் காலையில், படிவத்தில் மூன்று நாள் என்று பொய் எழுதினேன். மாதிரி கொடுக்கும் அந்தச் சின்ன அறையில், பதற்றத்தில் வாய் தானாக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். குப்பியைக் கொடுத்துவிட்டு, மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி நடந்தேன். மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

ஆய்வகத்துப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், உண்மையச் சொல்லுங்க. எத்தன நாளாச்சு?”

“முப்பத்திரண்டு.”

“என்ன சார் இது! சேத்து வைக்க இது என்ன உண்டியலா? பழசெல்லாம் செத்துக் கெடக்கு. உசுரோட இருக்கறதும் நகர மாட்டேங்குது. அங்க உங்க வீட்டம்மாவுக்கு ஒம்போது முட்ட எடுத்தாச்சு.”

அத்தனை ஊசியையும் தாங்கி அவள் கொடுத்த ஒன்பதும் என் பக்தியால் வீணாகப் போகிறது. கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. மாதா மேல்கூட ஒரு நிமிடம் வந்தது.

“பதறாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவ குடுங்க. புதுசா இருக்கும். நெறய பேருக்கு ரெண்டாவதுதான் நல்லா வருது.”

வெட்கப்பட நேரமில்லை. மறுபடி அந்த அறைக்குப் போனேன். மறுபடி நடந்தேன். கடைசியில் அந்தப் பெண் கதவைத் திறந்து, “இதுல ஓடுது சார். ஒம்போதுக்கும் போதும்” என்றபோதுதான் நடப்பதை நிறுத்தினேன்.

மயக்கம் தெளிந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“பதினோரு நாளா வயித்துல ஊசியக் குத்திக்கிட்டுத் தனியாக் கெடந்தேன். பக்கத்துல ஒரு ஆளு வேணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?”

எனக்குத் தோன்றவில்லை. அதுதான் உண்மை. வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. ஒன்பதில் ஐந்து கருவாகச் சேர்ந்திருக்கிறதாம். அவளிடம் சொன்னேன். இருவருக்கும் அழுகை வந்தது. அப்போதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“மாதா கோயிலுக்கு. ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்.”

“நாளைக்குப் போலாம்” என்று கட்டிலில் தள்ளிப் படுத்து இடம் விட்டாள். “இன்னைக்கு இங்க வந்து படுங்க.”