அம்மி கொத்திய அன்று

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். எழுபதுகளின் கடைசி. தேய்ந்து வழவழத்துப்போன எங்கள் அம்மியைக் கொத்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் வாசலில் உளியால் கொத்திக்கொண்டிருந்தாள். நானும் கொழுந்தனும் கோயில் தூண் ஒன்றில் பார்த்த துளையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம்.

"பச்சிலைச் சாறு ஊத்திக் கல்லை இளக்கியிருக்காங்க. படிச்சிருக்கேன்."

"பி.எஸ்ஸி. படிச்சுட்டுப் பேசற பேச்சா அண்ணி இது? குழாய வெச்சு, மணலும் தண்ணியும் போட்டு, சுத்திச் சுத்தித் துளைச்சிருப்பாங்க."

"மணல் கருங்கல்லைத் தின்னுமா?"

கொத்துகிறவள் நிமிராமலே சிரித்தாள். "தின்னும்மா. கல்லுக்கு எமன் கல்லுத்தூளுதான்."

"நீ வேலையப் பாரு," என்றேன்.

வேலை முடிந்ததும், "தவிடு போட்டு மூணு தரம் அரைச்சுக் கொட்டிடும்மா. தூளு உள்ளயே நிக்கும்," என்றாள். தெரியும் என்று தலையாட்டினேன். மனம் கொழுந்தனுக்குச் சொல்லவேண்டிய அடுத்த பதிலில் இருந்தது.

அம்மியைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், அவ்வளவுதான். வறுத்த பருப்பை அரைத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். குழந்தை துப்பினாள். பிடிவாதம் என்று நினைத்து, கன்னத்தைப் பிடித்து நான்கு வாய் திணித்தேன்.

திரும்பி வந்த மாமியார் கிண்ணத்தில் மிஞ்சிய சோற்றை ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

"என்னா இது, நறநறன்னு? தவிடு போட்டு அரைச்சியா?"

"அவ ஒண்ணும் சொல்லலை, அத்தை."

யோசிப்பதற்கு முன் வாயிலிருந்து வந்துவிட்டது. குழந்தையின் ஈறு சிவந்திருந்தது. இரண்டு நாளில் சரியாயிற்று. நான் சொன்னதை மட்டும் சரிசெய்யவில்லை.

சில மாதம் கழித்து அவள் மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தாள்.

"ஏண்டி, பச்சப் புள்ள இருக்கற வீடு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னா?" என்று மாமியார் பிடித்துக்கொண்டார்.

"சொன்னே..." என்று தொடங்கியவள், கதவோரம் குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்தாள். நான் குழந்தையின் சட்டையைச் சரிசெய்தேன்.

"மறந்திருப்பேம்மா," என்றாள்.

அதன்பின் எங்கள் அம்மியை வேறொருவர் கொத்தினார். அவள் குரல் தெருமுனையில் கேட்டாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

கொழுந்தன் ஒருநாள் தூண் பேச்சை மறுபடி எடுத்தபோது, "நீங்க சொன்னதுதான் சரி," என்று உடனே ஒப்புக்கொண்டேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அவரிடம் அதைச் சொல்வதில் எனக்குக் கஷ்டம் எதுவும் இருக்கவில்லை.