ஆட்சேபணை இல்லை

முத்திரை குத்துவதற்கு முன் அவர் ஜன்னல் வழியே வலது கையை முழங்கை வரை வெளியே நீட்டுவார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காற்றைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்பார். விண்ணப்பத்தில் ‘வானம் நேரில் பார்க்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்தபடியே அதில் கையெழுத்துப் போடுவார்கள். செயற்கை மழைக்கு அனுமதி தரும் அந்த அலுவலகத்தில் அவருக்கு மழைக்காரர் என்றே பெயர்.

அந்த வாரம் வந்த விண்ணப்பம் குடிநீர் வாரியத்துடையது. ஏரி தரை தட்டியிருந்தது. விமானத்தில் போய் மேகத்தில் உப்புத் தூவச் சனிக்கிழமை குறித்திருந்தார்கள். வரைபடத்தில் போட்ட வட்டத்துக்குள் அவருடைய தங்கையின் செங்கல் சூளையும் விழுந்தது. இன்னும் சுடாத பச்சைக்கல் இருபதாயிரம் திறந்த வெளியில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வார வெயில் வேண்டும். கணவன் போன பிறகு அவள் ஒண்டியாக எடுத்து நடத்தும் முதல் சூளை.

அறிவிப்பு ஒட்டிய அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். கோப்பை ஒரு வாரம் எங்காவது செருகி வைக்கச் சொன்னாள். அவர் விதியைச் சொன்னார்: வியாழன் ஐந்து மணிக்குள் எழுத்தில் ஒரு ஆட்சேபணை வந்தால் போதும், விசாரணை முடியும்வரை விமானம் கிளம்ப முடியாது. படிவத்தையும் எடுத்து முன்னால் வைத்தார்.

“கூடப் பிறந்தவனுக்கே மனு போடணுமா அண்ணே? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“எனக்கில்லம்மா, ஆபீசுக்கு.”

“ஆபீஸ்ல உக்காந்திருக்கறது நீதானே?”

அவள் போன பிறகும் படிவம் வைத்த இடத்திலேயே கிடந்தது.

வியாழனன்று அவர் தபால்பெட்டியை இரண்டு முறை திறந்து பார்த்தார். ஐந்தடிக்கும்வரை கண் வாசலில் இருந்தது. அவளோ, அண்ணன் எப்படியும் நிறுத்திவிடுவான் என்று தார்ப்பாய்கூட வாங்காமல் இருந்தாள். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற இடத்தில் முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை மதியம் பிடித்த மழை ஒன்றரை மணி நேரம் விடவில்லை. அவர் போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாகச் சேறு கிடந்தது. தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

“உன் மழை நல்லாப் பேஞ்சுது அண்ணே.”

பிறகு பேச்சு நின்றது. அவள் இன்னொருவர் சூளையில் கூலிக்குச் செங்கல் அறுக்கப் போனாள். உறவுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அனுமதி வாங்கியவர்கள் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்று இன்னொரு விதி. யாரும் கேட்பதில்லை, யாரும் தருவதுமில்லை. அவர் மூன்று முறை எழுதிக் கேட்ட பின், எட்டாம் மாதம் ஒற்றைத் தாள் வந்தது. இயந்திரக் கோளாறினால் அந்தச் சனிக்கிழமை விமானம் தரையைவிட்டே எழும்பவில்லை என்றும், தூவிய உப்பு பூஜ்யம் கிலோ என்றும் அதில் இருந்தது.