சாமித்தட்டில் இருந்த மெஸ்கால்

என்ரை வீட்டுக்குள்ளை குடிவகைப் போத்தல் வரக்கூடாது. லண்டன் இல்ஃபோர்டுக்கு வந்த நாளிலை இருந்து அதுதான் சட்டம். என்ரை அண்ணை குடிச்சே செத்தவர்; அந்த மணம் பட்டாலே நான் எழும்பிப் போயிடுவன். மகள் ஒரு மெக்சிகோப் பெடியனை விரும்புறன் எண்டு வந்து நிண்ட அண்டைக்கும் நான் கேட்ட முதல் கேள்வி, "குடிக்கிற குடும்பமோ?" எண்டதுதான். "இல்லையம்மா, தோட்டம் செய்யிற ஆக்கள்" எண்டாள். தோட்டக்காரர் எண்டால் எங்கடை சனம் மாதிரித்தானே எண்டு மனம் ஆறினன்.

போன ஆனியிலை மெக்சிகோவிலை இருந்து பெடியன்ரை தாய் வந்தா. மனுசிக்கு இங்கிலிஷ் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. சிரிச்சுச் சிரிச்சே ரண்டு மணித்தியாலம் போச்சு. வெளிக்கிடேக்கை ஒரு கண்ணாடிப் போத்தலை ரண்டு கையாலையும் நீட்டினா. பேர் ஒட்டாத போத்தல், உள்ளுக்குப் பச்சைத்தண்ணி மாதிரி. நெஞ்சிலை சிலுவை போட்டா, மேலை காட்டினா, நிலத்தைக் காட்டினா. பக்கத்திலை நிண்ட மகள் ஏன் வாய் திறக்கேல்லை எண்டு நான் அப்ப யோசிக்கேல்லை.

எங்கடை வீட்டிலை லூர்து மாதா தீர்த்தம் எப்பவும் இருக்கும். பிரான்சிலை இருக்கிற தங்கச்சி கொண்டுவந்து தருவாள். சைவக்காரர் எண்டால் என்ன, முருகனுக்குப் பக்கத்திலை மாதாவும் இருக்கிறா. அதாலை இதுவும் அவையின்ரை கோயில் தீர்த்தம்தான் எண்டு முடிவுகட்டி, சாமித்தட்டிலை வச்சிட்டன்.

வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு விளக்கு வச்சன். போத்தலைத் திறந்தால் புகை மணம். எனக்கு ஹே ஃபீவர், பூந்தூளாலை வாற மூக்கடைப்பு; வேறை மணம் ஒண்டும் பிடிபடேல்லை. சாம்பிராணி பிடிச்ச தீர்த்தமாக்கும் எண்டு நினைச்சன். மாவிலையாலை வாசல், குசினி, படிக்கட்டு, மகளின்ரை கட்டில் எல்லாம் தெளிச்சன். பிறகு உள்ளங்கையிலை விட்டு மூண்டுதரம் குடிச்சன். தொண்டை பத்தி எரிஞ்சுது. நல்ல சக்தியுள்ள மாதா எண்டு கும்பிட்டன்.

ஷிப்ட் முடிஞ்சு வந்த என்ரை மனுசன் வாசலிலையே நிண்டிட்டார். "இஞ்சேரும், ஆர் வந்து குடிச்சது?"

"ஒருத்தரும் வரேல்லை. தீர்த்தம் தெளிச்சனான்."

அவர் போத்தலை மணந்து பாத்தார். ஒரு சொட்டு நாக்கிலை வச்சார். பிறகு படியிலை இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். அது தீர்த்தமில்லை, குடிவகை எண்டு எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. கோவமும் வந்துது, அழுகையும் வந்துது.

வேலையாலை வந்த மகளைப் பிடிச்சு இருத்தினன். அழுதழுது சொன்னாள். அது மெஸ்காலாம், மெக்சிகோச் சாராயம். தோட்டமும் இல்லையாம், மலையிலை தன்பாட்டிலை வளருற காட்டு ஆனைக்கற்றாழையாம். முத்த பன்னிரண்டு, பதினைஞ்சு வருசம் செல்லும். அதை வெட்டி, நிலத்திலை குழி தோண்டி விறகு நெருப்பிலை சுட்டு, இடிச்சு, புளிக்கவச்சு, மண்பானையிலை காய்ச்சி வடிக்கிறது அந்தத் தாய்தான்.

"மகன்ரை கலியாணத்துக்கெண்டே வடிச்சதம்மா. முதல் சொட்டை மரியாதையா நிலத்துக்கு விட்டிட்டுத்தான் ஆக்கள் குடிப்பினம். பொய் சொன்னது நான், அவவைக் கோவிக்காதேங்கோ. கலியாணம் வேண்டாமெண்டு சொல்லப் போறியளோ?"

அண்ணை ஒருநாளும் நிலத்துக்கு ஒரு சொட்டு விட்டவரில்லை. இந்தச் சனம் குடிக்கிறது வேறை மாதிரி எண்டு எனக்குப் பட்டுது. மகள் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தாள்.

"வீடு முழுக்கத் தெளிச்சு, மூண்டுதரம் குடிச்சும் போட்டன். இனி என்னெண்டு வேண்டாமெண்டுறது?" எண்டன். "அவவுக்குப் போன் எடு. நிலத்துக்கு விடாமல் நான் முதல் குடிச்சிட்டன், மன்னிக்கச் சொல்லு."