கதவு எதுக்குத் திறந்திச்சு

சினிமாவுல எங்க தெருவைக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். கூரை பிஞ்சிதான் தொங்கணும், பொம்பளை தலையில எண்ணெயே காணக்கூடாது, ஆம்பளை கையைக் கட்டிக்கிட்டு 'சாமி'ன்னுதான் நிக்கணும். எங்க தெருவுல சாணி போட்டு மெழுகாத வாசல் ஒண்ணு காட்டச் சொல்லுங்க பார்ப்போம். எங்கம்மா களை எடுக்கப் போறதுக்கே தலையைப் படிய வாரி, முடிச்சுப் போட்டு, ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்திப் பார்த்துட்டுத்தான் வெளிய போவாங்க. அதை எவன் படம் புடிச்சான்?

அந்த எரிச்சலை விடுங்க. ஒரு படத்தோட கடைசிப் பகுதியைப் பத்திச் சொல்லணும். அதைப் பார்க்காம எழுந்து வந்ததுக்கு எங்கண்ணன் வலது கையைக் குடுத்துட்டு நின்னிச்சு.

அறுபத்தொம்பதோ எழுபதோ. விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனிங்க வரிசையா வந்துட்ட காலம். கப்பு, சாஸரு, ஊறுகா ஜாடி, பொம்மை எல்லாம் செய்வாங்க. நான் பொம்மைக்குக் கலர் அடிச்சேன். கன்னத்துக்கும் கைக்கும் ரோஸ் கலர்தான். எங்க நெறத்துல ஒரு பொம்மை கேட்டு ஒருத்தனும் வந்ததில்ல. அண்ணன் அதே கம்பெனியில சூளைக்குத் தீ போட்டுச்சு. அந்தச் சூட்டுக்கும் கரிக்கும் எங்க தெரு ஆளுங்கதான், வேற தெருக்காரன் கிட்ட வரமாட்டான்.

பத்த வச்ச சூளையை ஆள் இல்லாம விட முடியாது. சூடு எறங்கினா உள்ள இருக்கிற சரக்கு அத்தனையும் வெடிச்சுப் போயிடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆள் மாத்தணும். மேட்னி ஷோ முடிய அஞ்சரைக்கு மேல ஆயிடும். அதனால சூளை ஆளுங்க எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்ல. அழுவாச்சி முத்திப்போற நேரம் பார்த்து எழுந்து ஓடி வந்துடுவாங்க. அப்புறம் யாரையாவது புடிச்சு "என்னாதான் ஆச்சு"ன்னு கேட்டுக்குவாங்க.

கம்பெனி மொதலாளி ஊருக்குள்ள பெரிய குடும்பம். நெலபுலம் இருந்திச்சு, நாலு பேரை அதட்டுற வாயும் இருந்திச்சு. அவரு மக தெனம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கிட்டுக் கம்பெனிக்கு வருவா. அவளுக்கும் எங்கண்ணனுக்கும் புடிச்சுப்போச்சு. எப்படின்னு கேக்காதீங்க, கூட இருந்த எனக்கே ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே அண்ணனை ஓரமாக் கூப்பிட்டேன்.

"என்னாண்ணே, உசுரு மேல ஆசை இல்லியா ஒனக்கு?"ன்னு கேட்டேன்.

"இருக்குது. அதனாலதான் பயமா இருக்குது"ன்னிச்சு.

அந்த நேரம் பார்த்து அந்தப் படம் வந்து தொலைஞ்சுது. பண்ணையார் மவன் ஒரு சேரிப் பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறான். அப்பன்காரன் கதவைச் சாத்திடுறான். மழை கொட்டுது. அந்தப் பொண்ணு நனைஞ்சுக்கிட்டே நிக்கிறா. கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சுது. அண்ணன் தரை டிக்கெட்டுல ஒக்காந்திருந்திச்சு. திரும்பிப் பார்த்தா, பின்னால நாற்காலியில எங்க மொதலாளி துண்டை எடுத்துக் கண்ணைத் தொடச்சிக்கிட்டிருக்காரு. கம்பெனியில கரிச்சூடு பட்டுக் கால் வெந்து நின்னவனை 'நடிக்காதடா'ன்னு வெரட்டின மனுசன். அவரு அழுவுறாரு. அதுக்குள்ள சூளைக்கு நேரமாயிடுச்சு. அண்ணன் எழுந்து வந்துடுச்சு.

மறுநாள் மொதலாளி மகளே அண்ணன்கிட்ட சொன்னாளாம். "எங்கப்பா அந்தப் படத்தை நேத்தோட ரெண்டு வாட்டி பார்த்துட்டாரு. அந்தப் பொண்ணை வூட்டுல சேத்துக்கிட்டதுதான் நாயம்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாரு. என் காதால கேட்டேன்." வயசுக்கு வந்த பொண்ணைச் சினிமாவுக்கு அனுப்புற வூடு இல்ல அது. அவ படத்தைப் பார்க்கல. எங்க தெருவுல ராத்திரி ஆட்டம் பார்த்துட்டு வந்தவங்ககிட்ட அண்ணன் விசாரிச்சுது. "கதவைத் திறந்துட்டாரு, சேத்துக்கிட்டாரு, சுபம் போட்டுட்டான்"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எதுக்குத் திறந்தாருன்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லணும்னே அவங்களுக்குத் தோணல, அந்த மாதிரி முடிவு அவங்களுக்கு அவ்வளவு பழகிப் போயிருந்திச்சு.

பெரியவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா அவங்களுக்கும் அடி விழும்னு அண்ணன் தனியாத்தான் பொண்ணு கேக்கப் போச்சு. மொதலாளி கம்பெனி வாசல்ல அவங்க ஆளுங்களோட ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தாரு. குடிச்ச கப்பு எங்கண்ணன் தீ போட்டு வெந்த கப்பு. எங்களுக்கு மட்டும் வெளிய ஆணியில அலுமினிய டம்ளர் தொங்கும். அண்ணன் செருப்பைத் தூரமா விட்டுட்டு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னிச்சு. பொம்மை ஷெட்டுல இருந்து நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

"மொதலாளி, நீங்க கொட்டகையில அழுததைப் பார்த்தேங்க. அந்தத் தைரியத்துலதான் கேக்க வந்திருக்கேன். தப்பா இருந்தா மன்னிச்சிக்குங்க"ன்னு ஆரம்பிச்சு, விஷயத்தைச் சொல்லிடுச்சு.

மொதலாளி கப்பைக் கீழ வச்சாரு. அப்புறம் சூளையைக் கிளறுற கம்பியை எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான் ஓடினேன், என்னை ஒருத்தன் முடியைப் புடிச்சு நிறுத்திட்டான். அண்ணன் கையைச் செங்கல் மேல வச்சு அடிச்சாங்க. மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. மொதலாளி மூஞ்சியில அழுகையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

போலீசுக்குப் போனா தெருவையே கொளுத்திடுவாங்கன்னு எங்க பெரியவங்க தடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணைத் திட்டக்குடிப் பக்கம் அவ மாமனுக்கே அவசர அவசரமாக் கட்டி வச்சாங்க. நான் வேற கம்பெனியில பொம்மைக்குக் கலர் அடிக்கப் போனேன். தீ போட முடியாத கையை வச்சிக்கிட்டு அண்ணன் சேத்தியாத்தோப்புக்குப் போயிடுச்சு. பஸ்ஸு நிக்கிற எடத்துல வேர்க்கடலை வித்திச்சு.

பாழாப்போன விஷயம் இனிமேதான். எங்கண்ணன் அந்த ஆளைத் திட்டவே இல்ல. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. "நாலு பேரு முன்னால அவரு அழுததை நான் சொல்லியிருக்கக் கூடாது, பாப்பா. பெரிய மனுசன், வெக்கமாப் போயிருக்கும்ல. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரு. மனசு இருக்குது அவருக்கு. இல்லன்னா ரெண்டு வாட்டி போய் பார்ப்பாரா?" எனக்கு நாக்கு வரைக்கும் கெட்ட வார்த்தை வரும், முழுங்கிடுவேன். வருஷக்கணக்கா அது தன்னைத்தானே திட்டிக்கிட்டு கெடந்துச்சு.

எனக்குக் கல்யாணம் ஆயி, ஒரு புள்ளையும் பொறந்தப்புறம் அந்தப் படம் எங்க ஊருக்குத் திரும்ப வந்திச்சு. வூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கறுப்பு வெள்ளைப் படம்தான், இருந்தும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சேரிப் பொண்ணா நடிக்கிறவளுக்கு மூஞ்சியிலயும் கையிலயும் கறுப்பு பூசியிருக்கான், காதுக்குப் பின்னால பூச மறந்துட்டான். எங்களை மாதிரி நடிக்கக்கூட எங்க ஆளு ஆகல. சரின்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு ஒக்காந்தேன்.

கதவைச் சாத்திட்டான். மழை கொட்டிச்சு. எங்கண்ணன் எழுந்து வந்த எடம் அதுதான். நான் எழுந்திருக்கல.

மழையில ஒரு கெழவி ஓடி வர்றா, பிரசவம் பார்த்தவளாம். ஐயோ இது சேரிப் பொண்ணு இல்லீங்க, திருவிழாவுல காணாமப்போன ஒங்க தங்கச்சி மகதாங்கன்னு கத்துறா. தோள்ல மச்சம் காட்டுறா. பண்ணையாரு ஓடி வந்து கதவைத் திறக்கிறாரு. 'எங்க ரத்தம்'னு கட்டிப் புடிச்சு அழுவுறாரு. ஜனங்க கை தட்டுது. அவளைத் தூக்கி வளத்த சேரி ஆத்தாவும் அப்பனும் வாசல்ல மழையிலயே கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களை உள்ள வான்னு ஒருத்தனும் கூப்பிடல. சுபம் போட்டுட்டான்.

எனக்குக் காறித் துப்பணும் போல இருந்திச்சு, துப்பினேன். முன்னால இருந்தவன் திரும்பிப் பார்த்தான், பார்த்துட்டுப் போவட்டும்.

அந்த ஆளு ரெண்டு வாட்டி பார்த்தவரு. எங்கண்ணன் பார்த்த அன்னைக்கு அவருக்கு முடிவு தெரியும். மழையில நிக்கிறது தன் சாதிப் பொண்ணுன்னு தெரிஞ்சு அழுதிருக்காரு. அவளைச் சேரிக்காரின்னு நெனைச்சு வெளிய நிறுத்திட்டாங்களேன்னு அழுதிருக்காரு. அந்தக் கண்ணீரை நம்பித்தான் எங்கண்ணன் செருப்பைக் கழட்டிட்டுப் போய் நின்னிச்சு.

விடிஞ்சதும் புள்ளையை இடுப்புல வச்சிக்கிட்டு மொத பஸ்ஸு ஏறினேன். சேத்தியாத்தோப்புல அண்ணன் கடலை வறுத்துக்கிட்டிருந்திச்சு, எடது கையால. பக்கத்துல குந்திக்கிட்டு மொத்தத்தையும் சொன்னேன். கெழவி வந்தது, மச்சம், எங்க ரத்தம்னது, வளத்தவங்க வெளியவே நின்னது எல்லாம். அந்த ஆளு எதுக்கு அழுதாருங்கிறதையும் சொன்னேன்.

கடலை தீஞ்சுபோற வாசனை வந்திச்சு. அண்ணன் சட்டியை எறக்கல.

"அப்போ நான் சொன்னதுல தப்பு இல்லியா?"ன்னிச்சு.

"ஒரு தப்பும் இல்லண்ணே."

"தனியாக் கேட்டிருந்தாலும் அடிச்சிருப்பாரா?"

"அடிச்சிருப்பான். எப்படிக் கேட்டிருந்தாலும் அடிச்சிருப்பான்."

கை ஒடைஞ்சப்போ அழுவாத ஆளு. அந்தப் பொண்ணுக்குத் தாலி ஏறிடுச்சுன்னு சேதி வந்தப்போகூட என் முன்னால அழல. அன்னைக்கு பஸ்ஸுக்கு நிக்கிற ஜனங்க முன்னால, துண்டை வாயில அடைச்சிக்கிட்டு அழுதிச்சு. அழுகைக்கு நடுவுல சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்திச்சு.

"நான் மரியாதையாத்தான் கேட்டேன், பாப்பா. மரியாதையாத்தான் கேட்டேன்."