இறங்கிக்கொண்டே போன ஏழு எண்கள்

அன்று இரண்டாவது பீரியடு. முதலாமாண்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. திரையில் ஜெஸிந்தா என்று பெயர். மூன்று நாளாக நான் அனுப்பிய ஒரு மெசேஜைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்த எரிச்சலில் வராந்தாவுக்கு வந்து, எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். "ஏட்டி, போட்டிக்கு இன்னும் ஒம்பது நாளுதான் கெடக்கு. செத்தியா இருக்கியான்னு ஒரு வரி போட ஒனக்குக் கை வராதா?"

 மறுமுனையில் ஓர் ஆண்குரல் வந்தது. "டீச்சர், நான் ராயப்பன் பேசுதேன். ஜெஸி வெள்ளனே அஞ்சு மணிக்குப் போயிட்டா." ராயப்பன் அவளுடைய கணவர். மஸ்கட்டில் வேலை. லீவு போட்டு வந்து ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். நான் கத்தியதை முழுவதும் அவர் கேட்டார். அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நம் பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் ஜெஸிந்தா மிஸ்ஸை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டத்துக்காரி. என் வயதுதான், நாற்பத்து மூன்று. கணினித் துறையில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். "ஆரைப் பத்திட்டி எழுதுத?" என்று கேட்பாள் போலிருந்தது. அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்தேன், அழுதேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் கடைசியாக எனக்கு அனுப்பிய புதிரில் ஏழு எண்கள் இருந்தன. அவள் ரத்தத்தில் வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்த பிளேட்லெட் கணக்கு அது. நான் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தினேன்.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் இது புரியும். வருடத்துக்கு ஒரு முறை துறையில் புரோகிராம் புதிர்ப் போட்டி நடத்துகிறோம். எல்லாமே சின்னப் புதிர்கள். முழு எண்களின் பட்டியல் ஒன்றைக் கொடுப்போம், அதை வைத்து ஏதாவது செய்யச் சொல்வோம். ஒருத்தி புதிர் போட வேண்டும், மற்றவள் அதை உடைக்க வேண்டும். போட்டவள் விளக்கம் சொல்லக் கூடாது, உடைப்பவள் காரணம் கேட்கக் கூடாது. முன்பின் தெரியாத பிள்ளை வாசிப்பதுபோல வாசித்து, எங்கே இடறுகிறதோ அங்கே சிவப்புக் கோடு போட வேண்டும். முகத்தாட்சணியம் பார்த்தால் புதிர் நாசமாகிவிடும் என்பது ஜெஸிந்தாவின் கட்சி. நானோ இயல்பிலேயே வாய்த் துடுக்குக்காரி. சிவப்புப் பேனா எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

நான் போட்ட முதல் புதிர் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வியாபாரி அஞ்சுகிராமம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போகிறார், வழியில் மழை, வண்டி பழுது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் ஊரைப் போட்டதில் எனக்குப் பெருமை வேறு. ஜெஸிந்தா ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ‘பட்டியலில் இரண்டாவது பெரிய எண் எது?’ என்பது மட்டும் மிஞ்சியது. "எண்ணுக்குக் கதை சொல்லாண்டாம் மக்கா. கதை சொன்னா பிள்ளையள் வாழைக்குலைய எண்ணிட்டிருக்கும். மூணு வரிக்கு மேல போனா அது கேள்வி இல்ல, புலம்பல்." எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டிபன் பாக்ஸில் நெத்திலி வறுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதோடு சண்டை தீர்ந்தது.

அதே புதிரில் அவளே விழுந்ததும் உண்டு. போட்டி முடிந்து, வெற்றி பெற்றவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம். ஒரு மாணவி வந்து, எல்லா எண்களும் ஏழாகவே இருந்தால் இரண்டாவது பெரிய எண் எது என்று கேட்டாள். ஜெஸிந்தா வாயில் வைத்த டீயை அப்படியே கீழே வைத்தாள். எங்கள் கேள்வியில் அதற்குப் பதிலே இல்லை. நேரே போய்ப் பலகையிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போனாள். "தப்பு எனக்க சார். பிள்ளையளுக்கு மார்க்கு குடுக்கணும்." அவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். "விடுங்க மேடம், வேற யாரும் கவனிக்கலியே" என்றார். "நான் கவனிச்சிட்டேனே சார்" என்றாள். அன்று முழுக்கத் திருத்திய தாள்களையெல்லாம் மறுபடி திருத்தினோம். நான் முனகிக்கொண்டே திருத்தினேன்.

அப்படிப்பட்டவள் தன் உடம்பு விஷயத்தில் என்னிடம் பொய் சொன்னாள். சாரல் நாட்களில் ஆரம்பித்தது. லேபுக்கு மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவாள். முழங்கைக்குக் கீழே நீலம் பூத்திருந்தது. கேட்டால், "கதவுல இடிச்சேன்." மறுவாரம் இன்னொரு கையிலும் நீலம். "ஒங்க வீட்டுல எத்தன கதவுட்டி?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு லீவு போட்டாள். திருவனந்தபுரத்தில் காட்டுகிறோம் என்றாள். "ரத்தத்துல கவுண்டு கொஞ்சம் கொறவு. மருந்து எடுத்தா செரியாவும். நீ இஞ்ச வராண்டாம், போட்டி வேலையப் பாரு." ரத்தப் புற்றுநோய் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். எனக்குத் தெரியாது. துருவிக் கேட்டிருக்கலாம். அவள் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன்.

இதற்கிடையில் நான் வேறு அவளை நச்சரித்தேன். இந்த வருடம் புதிர் போடுவது அவள் முறை. எங்கே புதிர், எங்கே புதிர் என்று தினமும் மெசேஜ். ஒரு நாள் மதியம் ஒரு துண்டுத்தாளைப் படமெடுத்து அனுப்பினாள். எழுத்து கோணலாக இருந்தது. படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள் சோம்பேறி என்று நினைத்தேன்.

‘முழு எண்களின் பட்டியல் ஒன்று தரப்படும். ஓர் எண் தனக்கு முந்தைய எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் அது ஓர் ஏற்றம். பட்டியலில் மொத்தம் எத்தனை ஏற்றங்கள்?’ மூன்றே வரி. கீழே உதாரணம்: 148, 121, 96, 70, 52, 33, 19. விடை: 0.

நான் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். கேள்வியில் குறை இல்லை. உதாரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்றத்தைப் பற்றிய கேள்விக்கு ஏற்றமே இல்லாத உதாரணம் போட்டால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்? 96 ஐ அடித்து 130 ஆக்கினேன். கடைசியில் கிடந்த 19 ஐ அடித்து 160 ஆக்கினேன். விடை இரண்டு என்று எழுதினேன். ஓரத்தில், ‘தூங்கிட்டே போட்டியா? ஒண்ணாவது மேல ஏறாண்டாமா?’ என்றும் கிறுக்கிப் படமெடுத்து அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது வந்தது. ‘செரி மக்கா. ஒனக்க பட்டியலையே மேல போடு. எனக்கத மறைவுப் பட்டியல்ல வையி. கீழ இறங்குததும் ஒண்ணு வேணும்லா.’ மறைவுப் பட்டியல் என்பது பிள்ளைகளுக்குக் காட்டாமல், அவர்கள் புரோகிராமைச் சோதிக்க நாங்கள் வைத்திருப்பது. அதற்கு நான் ஒரு கட்டைவிரல் படம் போட்டேன். அதன் பிறகு ‘இருக்கேன்’, ‘செரி’ என்று ஒற்றைச் சொல் பதில்கள் சில வந்தன. பிறகு அதுவும் நின்றது.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் முட்டம் போயிருந்தேன். ராயப்பன் தடித்த ஒரு பைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இதுல காலேஜ் பேப்பரும் ஆஸ்பத்திரி பேப்பரும் கலந்து கெடக்கு டீச்சர். எனக்குப் பிரிக்கத் தெரியல. நீங்க பாத்துத் தாருங்க." காலேஜ் தாள்களை இடப்பக்கமும் ஆஸ்பத்திரித் தாள்களை வலப்பக்கமும் அடுக்க ஆரம்பித்தேன். ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளில் 1,48,000 என்பதன் கீழே கோடு போட்டிருந்தது. அடுத்ததில் 1,21,000. அதற்கடுத்ததில் 96,000.  மீதி நாலையும் பார்க்காமலே எனக்குத் தெரியும். பைலின் அடியில் அவள் கையால் எழுதிய அந்தத் துண்டுத்தாளும் இருந்தது. அதை எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன். "அண்ணே, இது அவ கவுண்டுன்னு எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அடிச்சுத் திருத்திட்டேன்."

"தெரியும் டீச்சர். படத்த எனக்கிட்ட காட்டினா. ரொம்ப நாளைக்குப் பெறகு அன்னைக்குத்தான் சிரிச்சா. ‘பாத்தியளா, செல்வி ஒரு நிமிசத்துல நூத்தி அறுவதுக்குக் கொண்டு போயிட்டா’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம் பிள்ளைகளையெல்லாம் ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்திருப்பேனே என்று அழுதேன். அவர் தலையாட்டினார். "ஆளுக்குக் கொறவில்ல டீச்சர். முட்டத்துலயிருந்து ஒரு வேன் நிறைய பயலுவ வந்தானுவ. பையி பையா ஏத்துனாவ. ரெண்டு நாள் நிக்கும், பெறகு பழையபடி இறங்கும். நீங்க வந்தாலும் அதுதான், நான் கடல் தாண்டி வந்ததும் அதுதான்." என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். குற்றமாவது என்னுடையது என்று பிடித்துக்கொள்ள நினைத்திருந்தேன். அதுவும் கையை விட்டுப் போயிற்று.

போட்டியைத் தள்ளிவைக்கலாமா என்று துறைத் தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் சொன்னபடியே, நான் திருத்திய பட்டியலை மேலே உதாரணமாகப் போட்டேன். அவளுடைய ஏழு எண்களையும் ஒன்றைக்கூடத் தொடாமல் மறைவில் வைத்தேன்.

அந்த மறைவுப் பட்டியலில் ஒன்பது பிள்ளைகளின் புரோகிராம் விழுந்தது. விடை பூஜ்யம் வர வேண்டும். ஒன்பது பேருக்கும் ஒன்று என்று வந்தது. முதல் வரிசையில் இருந்த ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். "மிஸ், உதாரணத்துக்குச் செரியா ரெண்டு வருது. இந்த மறைவுல மட்டும் தப்புங்குது. எனக்கு இதுல ஒண்ணுன்னு வருதே?" அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லி எழுதியிருந்தாள். முதல் எண்ணையும் சேர்த்துவிட்டாள். முதல் எண்ணுக்கு முன்னால் எதுவும் கிடையாது. ஆனால் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பைத்தானில், முதல் இடத்துக்கு முந்தைய இடம் எது என்று கேட்டால், சுற்றிப் போய்ப் பட்டியலின் கடைசி எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். என் உதாரணத்தில் கடைசி எண் 160, முதல் எண்ணைவிடப் பெரியது. அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. ஜெஸிந்தாவின் பட்டியலில் தெரிந்துவிட்டது. பத்தொன்பதுக்கு அடுத்தது நூற்று நாற்பத்தெட்டு என்று அந்தப் புரோகிராம் எடுத்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பதிலிருந்து நூற்று நாற்பத்தெட்டு. ஜெஸிந்தா இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த காலத்து எண் அது. திரையில் தெரிந்த அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை பயந்துவிட்டாள். "மிஸ், செரியா தப்பா?" என்று இரண்டாவது முறையும் கேட்டாள். சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. கடவுளே, அந்த ஒரு பிள்ளைக்காவது சரி என்று போட முடிந்திருந்தால்! தப்பு என்று சொல்லி, ஏன் என்று விளக்கிவிட்டு எழுந்தேன். மீதி எட்டுப் பேரிடமும் போய் அதையே சொன்னேன்.

ஜெஸிந்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஏழு எண்கள். ராயப்பனிடம் கேட்டு அந்தத் துண்டுத்தாளை வாங்கி வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு வருடமும் அந்த எண்களை மறைவில் போடுவேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளைக்கு, பத்தொன்பதுக்குப் பிறகு ஒரு முறை மேலே ஏறும். நான் போய் அதைத் தப்பு என்று சொல்ல வேண்டும்.