இரண்டு வெட்டு கேஸ்கெட்

பட்டறையில் அவளுக்கு மைக்ரான் என்று பேர். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பொருத்தமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் மயிரிழைதான் என்று சொல்லிக் கடந்துபோகிற இடத்தில், அந்த மயிரிழை எத்தனை கனம் என்று கேட்பவள் அவள்.

கல்யாணமாகி வந்த புதிதில் நட்டு, போல்ட்டுகளைப் பிரித்து டப்பாக்களில் போடத்தான் பட்டறைக்குள் வந்தாள். ஒரே அளவு என்று எல்லோரும் சொன்ன போல்ட்டுகள் ஒரே அளவில் இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது. அன்றைக்குக் கையில் எடுத்த அளவுகோலைப் பதினெட்டு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பாகங்களோடு வரும் துண்டுக் காகிதங்களைப் படித்தாள். கெட்டுப்போனவற்றை அறுத்துப் பார்த்தாள். மூன்று தடவை அளந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். கணவன் ஸ்பானர் பிடிப்பான், இவள் அளவு பார்ப்பாள். பட்டறை அப்படித்தான் ஓடியது.

அந்தத் திங்கட்கிழமை அவளுடைய கொழுந்தன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு அட்டைப்பெட்டியையும் தட்டையான ஒரு பொட்டலத்தையும் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணி, டர்போ வந்தாச்சு. ஹெட் கேஸ்கெட்டும் நானே வாங்கிட்டேன். இருக்கிறதிலேயே தடியானது, மூணு வெட்டு."

"அளந்துட்டு வாங்கினியா, ஆசைப்பட்டு வாங்கினியா?"

"கடைக்காரர் சொன்னாரு. டர்போ போட்டா உள்ள அழுத்தம் கூடும், தடியா இருந்தாத்தான் தாங்குமாம்."

"கம்பளியா அது, தடியா இருந்தா தாங்க?"

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மலைமேல் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் கண்ணாடி ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஒரு வருஷத்து வேலை. வெள்ளிக்கிழமை முழு லோடு ஏற்றிப் பார்ப்பதாகக் கண்ணாடிக்காரர் சொல்லியிருந்தார். வழியில் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தால் வேலை அவனுக்கு. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி இழுவையைக் கூட்டும் டர்போ இல்லாத வேன் பாதி மலையிலேயே நாக்கைத் தள்ளிவிடும்.

என்ஜினின் பிளாக்குக்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் படுத்திருக்கும் தகடுதான் கேஸ்கெட். நெருப்பையும் தண்ணீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காப்பது அது. இந்த என்ஜினுக்கு மூன்று கனத்தில் வரும். ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தால் மெல்லியது, மூன்று இருந்தால் தடியானது. எது வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. மேலே வரும்போது பிஸ்டன் பிளாக்கின் மட்டத்தைத் தாண்டி எவ்வளவு எட்டிப்பார்க்கிறதோ, அதுதான் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை ஹெட்டைக் கழற்றியதும் அவள் டயல் கேஜை வைத்து நான்கு பிஸ்டனையும் இரண்டிரண்டு இடத்தில் அளந்தாள். எட்டு எண்களையும் சாக்பீஸால் மேஜைமேல் எழுதினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அளந்தாள்.

"அதிகபட்சம் புள்ளி ஆறு நாலு மில்லிமீட்டர். ரெண்டு வெட்டு."

"மூணு போட்டா இன்னும் பத்திரம்தானே அண்ணி?"

"பிஸ்டனுக்கு மேல இடைவெளி கூடிப்போனா காலையில ஸ்டார்ட் ஆக மூக்கால அழும். ஏத்தத்துல இழுவையும் குறையும். டர்போ கொடுக்கறதுல கொஞ்சத்தை நாமளே திருப்பிக் கொடுத்த மாதிரி. அழுத்தத்தைத் தாங்குறது தடிமன் இல்ல. மட்டமும் போல்ட்டோட பிடியும்தான் தாங்கணும். அடுக்கு எஃகுத் தகடா பாத்து வாங்கினது நல்லது. வெட்டுத்தான் தப்பு."

கடையில் இரண்டு வெட்டு ஒன்றே ஒன்று இருந்தது. அதை வரவழைத்தாள். எஃகுக் கேஸ்கெட் முகம் பார்க்கிற மாதிரி வழவழப்பான பரப்பைக் கேட்கும். அன்றைக்கு மீதி நேரமும் மறுநாள் முழுக்கவும் அவள் ஹெட்டை மெஷினில் ஏற்றி மெல்லியதாகச் சீவினாள். பிளாக்கின் மேல்முகத்தை, கண்ணாடித் துண்டில் ஒட்டிய எமரித் தாளால் தேய்த்தாள். நகத்தால் கீறிப் பார்த்தால் எங்கும் தட்டக் கூடாது. கொழுந்தன் பக்கத்திலேயே நின்று பொறுமை இழந்துகொண்டிருந்தான்.

"இதைச் சும்மாதான் போடணும், பூச்சு எதுவும் கிடையாது" என்று அவனிடம் சொன்னாள். தப்பு அங்கேதான் நடந்தது. சொன்னது அவனிடம், சொல்லியிருக்க வேண்டியது கணவனிடம்.

வியாழக்கிழமை மத்தியானம் புது ஹெட் போல்ட்டுகள் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கேஸ்கெட் மேஜைமேல் வெள்ளிநிறத்தில் பளபளத்தது. கணவன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"உனக்கு ஒரு வேலை மிச்சம். ரெண்டு பக்கமும் பூசிட்டேன், ஒரு இடம் விடல."

அவன் இருபத்தைந்து வருஷமாகக் கசிவை அடைக்கும் பேஸ்ட் பூசாமல் ஒரு கேஸ்கெட்டும் போட்டதில்லை. நார்த் தகடுகளுக்கு அது மருந்து. இந்தத் தகட்டுக்கோ கம்பெனியே மெல்லிய ரப்பர் பூச்சு கொடுத்திருந்தது. அதன்மேல் இன்னொன்று ஏறினால் தகடு சரியாக உட்காராது.

"சும்மா போடணும்னு சொன்னேனே."

"தம்பிகிட்டதானே சொன்ன? நான் என்ன சுவத்துல காத வச்சுக்கிட்டா இருக்கேன்?"

கொழுந்தன் தின்னர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "துடைச்சிடலாமே அண்ணி."

"இரு." அவள் அவன் வாங்கிவந்த மூன்று வெட்டுத் தகட்டை எடுத்து, ஒரு மூலையில் தின்னர் தொட்டுத் துடைத்தாள். துணியில் கறுப்பாக ரப்பர் உரிந்துவந்தது. அதைத் துணியோடு அவனிடம் காட்டினாள்.

"நாளைக்கு வேன் ஏறாது."

"ஏறலைன்னா அவர் வேற வண்டியைக் கூப்பிட்டுடுவாரு அண்ணி. ஒரு தடவைதானே, இதையே போட்டுப் பாப்போம்."

"பாதி மலையில கேஸ்கெட் போனா அப்பவும் வேற வண்டியைத்தான் கூப்பிடுவாரு. உன் என்ஜினும் சேந்து போயிருக்கும். அவருக்கு போன் போட்டு என்கிட்ட கொடு."

கண்ணாடிக்காரர் சிரிப்பு இல்லாத குரலில் பேசினார். "போன வாரம் ஒருத்தர் டயர்னு சொன்னாரு. இன்னொருத்தர் மாமனாருக்கு உடம்பு சரியில்லன்னாரு. உங்க காரணம் என்னம்மா?"

அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எவ்வளவு கனம் பூசியிருந்தது என்று கேட்டார்.

"ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கும்."

"என் ஆளு ஒருத்தன் ஃபிரேமுக்குள்ள ஒரு மணல் பருக்கை கிடந்ததைப் பாக்காம ஆறடிக் கண்ணாடியை உட்கார வச்சான். மறுநாள் வெயில் ஏறினதும் குறுக்கால விரிஞ்சு போச்சு. புதுத் தகடு எப்ப வரும்?"

"சனிக்கிழமை. திங்கள் காலையில ஏழு மணிக்கு வண்டி உங்க வாசல்ல நிக்கும்."

"ஏழேகாலுக்கு வந்தா வேற வண்டி போயிருக்கும்."

"ஆறே முக்காலுக்கே நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து புதுத் தகடு, ஹெட், டர்போ எல்லாவற்றையும் மாட்டினார்கள். நடுவிலிருந்து தொடங்கி வரிசையாக, மூன்று சுற்றில் போல்ட்டுகளை இறுக்கினான் கணவன். எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேஸ்ட் டியூபைக் காலையிலேயே அவன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் வேனிலேயே ஏறிக்கொண்டார். நடுவில் மைக்ரான். முதல் வளைவில் கொழுந்தன் பழக்கத்தில் கியரைக் குறைக்கக் கைவைத்தான்.

"விடு, இழுக்கும்" என்றாள்.

இழுத்தது. மூன்றாவது கியரிலேயே வளைவு வளைவாக ஏறியது. சூட்டு முள் நடுவை விட்டு நகரவில்லை. மேலே போய் நின்றதும் அவள் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஹெட் உட்கார்ந்த கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள். ஈரமில்லை.

"அதான் வந்து சேந்துட்டோமே, இன்னும் என்ன பாக்கறீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வந்ததை நீங்க பாத்தீங்க. எப்படி வந்துச்சுன்னு நான் பாக்கணும்."

அவர் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார். பிறகு கொழுந்தனிடம் திரும்பினார். "நாளைலேந்து தினம் ரெண்டு நடை."

கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணி, டர்போவில இன்னும் கொஞ்சம் அழுத்தம் கூட்டினா நாலாவது கியர்லயே ஏறுமில்ல?"

அவள் பானெட்டை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வா. அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."