சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டவர்

செய்தி வந்தபோது கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நாவலப்பிட்டி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். அழைத்தது லோகு அண்ணனின் மனைவி ராணி அக்கா. "விடிய நெஞ்சு வலின்னாரு தங்கச்சி. கம்பளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முடிஞ்சிருச்சு" என்றார். அழவில்லை. அடுத்த ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டார். கொண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோது நாவலப்பிட்டிக்குப் பதிலாகக் கம்பளை என்றேன்.

நான் போய் இறங்குவதற்குள் அவர் வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் பேனர் கட்டியிருந்தார்கள். நகரத்து வர்த்தகர்கள் சிலர் சேர்ந்து அடித்தது. அண்ணனின் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'தன்னலமற்ற சேவையாளர்'. அவர் பிறந்த தோட்டத்து ஆட்களான உங்களில் பலர் அந்தப் பேனரைக் கடந்துதான் வீட்டுக்கு வந்தீர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்ல முடியாது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்: அது பொய். லோகநாதன் அண்ணனுக்குத் தன்னலம் இருந்தது. அதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை. அவருக்குச் சொர்க்கம் வேண்டும். அதற்காகவே பிணம் ஏற்றினார்.

நான் தோட்டத் தொழிலாளர்களுக்கான சிறிய அமைப்பு ஒன்றில் வேலை செய்கிறேன். கண்டி ஆஸ்பத்திரியில் தோட்டத்து ஆள் ஒருவர் இறந்துபோனால், சிங்களத்தில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் குடும்பத்தோடு போய் நிற்பது என் வேலைகளில் ஒன்று. நம் ஆட்கள் நோயோடு மலையிலிருந்து இறங்க வாகனம் கிடைக்காது. செத்தபின் மலைக்கு ஏற வேன்காரர்கள் கேட்கும் கூலியில் குடும்பமே கடனாளியாகும். லோகு அண்ணன் தன் வாடகை வேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் காசு வாங்காமல் ஏற்றிச் செல்வார். முதல்முறை நான் அவரைப் பார்த்தது பிரேத அறை வாசலில். மகனைப் பறிகொடுத்த கிழவர் ஒருவர் அவருடைய காலில் விழப் போனார். அண்ணன் சுடுதண்ணீர் பட்டவர் போலப் பின்னால் குதித்தார்.

"ஐயோ, எந்திரிங்க பெரியவரே! ஒங்களுக்காகவா செய்யிறேன்? எனக்கு மேல ஒரு எடம் வேணும், அதுக்குச் செய்யிறேன். நீங்க கால்ல விழுந்தா, இவனுக்குக் கீழயே குடுத்தாச்சுன்னு அங்க கழிச்சிருவாங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. வேனில் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அப்ப இது சுயநலம்தானே அண்ணே?"

"ஆமா. பின்ன?"

"சொல்ல வெக்கமா இல்லையா?"

"இதுல என்ன வெக்கம்? இப்ப நீ வந்து நிக்கிறியே, இதுக்குச் சம்பளம் வாங்குறியா இல்லையா?"

"வாங்குறேன்."

"நீ மாசாமாசம் வாங்குற. நான் கடைசில மொத்தமா வாங்கிக்கிறேன். எனக்கு ஒன்னவிடப் பொறுமை ஜாஸ்தி, அவ்வளவுதான்."

பின்னால் பிரேதத்தின் பக்கத்தில் இருந்த இறந்தவரின் தம்பி சிரித்துவிட்டார். பிறகு நினைவு வந்து தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் சண்டை தொடங்கியது. பேராதனை தாண்டி கம்பளை வரும்வரை வாயாடுவோம். கூலிக்காகக் கும்பிடுவது கும்பிடு அல்ல, அது வியாபாரம் என்பேன். "வியாபாரந்தான். ஆனா நான் மாரியாத்தாகிட்டத்தான் வியாபாரம் பண்றேன், ஒங்கிட்ட இல்லையே" என்பார். இதைச் சாமர்த்தியப் பேச்சு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதில் இருந்த உண்மையை எனக்குக் காட்டியவர்கள் வேறு ஆட்கள்.

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்று முழுவதும் போனது. குடும்பங்களைப் பாடசாலை மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நகரத்திலிருந்து உலருணவுப் பொதிகளோடு ஒரு கூட்டம் வந்தது. 'பலன் கருதாப் பணி' என்று பின்னால் பேனர். கமரா வரும்வரை பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருத்திக்குக் கொடுத்த பொதியைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள், முதல் படத்தில் கொடுத்தவருடைய முகம் சரியாக விழவில்லையாம். சாமான் ஏற்றி வந்த லோகு அண்ணன் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பலன் வேணாம்னா போர்டு எதுக்கு தங்கச்சி? என்னையப் போல வேணும்னு சொல்லிட்டுப் போகலாமே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூலி வேண்டாம் என்றவர்கள் அந்த மண்டபத்திலேயே, அந்தப் பெண்களின் முகத்திலிருந்தே கூலியை எடுத்துக்கொண்டார்கள். வேண்டும் என்றவர், அதை அந்தப் பெண்களிடமிருந்து எடுக்கவில்லை. அவருடைய சொர்க்கம் எங்கே இருந்ததோ தெரியாது. ஆனால் அது ஏழையின் குனிந்த தலையில் இல்லை. அவர் ஏற்றிவிட்ட குடும்பம் எதுவும் அவருக்கு எதற்கும் கடமைப்பட்டிருக்கவில்லை. நன்றி சொல்லாமல் போனால்கூட அவருக்குத் திருப்திதான்.

நன்றி சொல்லாமல்தான் போனார்கள். தகப்பனை அண்ணன் இலவசமாக ஏற்றிச்சென்று கொடுத்த ஒரு குடும்பம், மகள் கல்யாணத்துக்கு வேறு வேனைப் பிடித்தது. பிண வேனில் பெண்ணை ஏற்ற மாட்டார்களாம். இப்படியே கல்யாண ஹயர்கள் என்ற வாடகை ஓட்டங்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போயின. எனக்குக் கொதித்தது. அவர் என்னைத்தான் திட்டினார்.

"புதுப்பொண்ண இதுல ஏத்துவாங்களா? ஒன் கல்யாணத்துக்கு நீ ஏறுவியா?"

"ஏறுவேன்."

"ஏறுவ ஏறுவ. மொதல்ல மாப்பிள்ளையப் புடி."

அவரிடம் எனக்கு ஒரு கடுமையான கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. தோட்டத்துக்கு ஒழுங்கான அம்புலன்ஸ், பிரேதம் கொண்டுபோக நிர்வாகத்தின் செலவில் வாகனம் என்று நாங்கள் போராடிக்கொண்டிருந்தோம். "எங்களுக்கு இதெல்லாம் கெடச்சிட்டா ஒங்க சொர்க்கம் என்னாகும்? ஒங்களுக்குப் புண்ணியம் சேர நாங்க ஏழையாவே கெடக்கணுமா?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு அவர் எங்கள் ஆர்ப்பாட்டத்துக்கு வந்து வெயிலில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார். "என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போடுறேன், பாத்துக்க" என்றார். அம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

இனிச் சொல்வது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. நீங்களும் அன்று அங்கே இருந்தீர்கள்.

லோகு அண்ணன் குடியிருந்தது கம்பளையில் என்றாலும் பிறந்தது அதற்கு மேலே உள்ள தோட்டத்தில். அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டித் தீ மிதிப்பார். இடையில் ஒரு வருடம்கூட விடாமல் சாகும்வரை மிதிப்பவனை ஆத்தா தன் காலடியில் சேர்த்துக்கொள்வாள் என்பது அவருடைய தகப்பன் சொல்லிவைத்த நம்பிக்கை. வேனில் செய்ததெல்லாம் அதற்கு மேலதிகம். அவருடைய சொர்க்கத்தின் ஆணிவேர் அந்தக் காப்பு. காப்புக் கட்டியவன் பிணத்தைத் தொட்டால் விரதம் முறிந்தது. தோட்டத்துக்குள் பிணம் கிடந்தால் எடுக்கும்வரை கோயில் நடை சாத்த வேண்டும். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான்.

அந்த வருடம் காப்புக் கட்டியபின் மீனாட்சி அக்கா கண்டி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மகள் சுகந்தி கண்டியில் துணிக்கடை வேலைக்குப் போகிறவள், வேறு யாரும் இல்லை. திருவிழாக் கமிட்டித் தலைவர் தொலைபேசியில் சொன்னார்: "இப்பக் கொண்டு வராதம்மா. சாமி ஊர்வலம் இருக்கு. திருவிழா முடியட்டும், அதுவரைக்கும் ஆஸ்பத்திரி ஐஸ்ல இருக்கட்டும்." உயிரோடு இருந்தபோது மழையில் நனைந்து கூடை சுமந்தவள், செத்தபின் ஐஸில் காத்திருக்க வேண்டுமாம். நான் தலைவரிடம் கத்தினேன். அவர் வைத்துவிட்டார். தோட்டத்து வேன்காரர்கள் எல்லோரும் காப்புக் கட்டியிருந்தார்கள். நகரத்து வேன்காரர் கேட்ட கூலி எங்கள் கையில் இல்லை.

கடைசியில் லோகு அண்ணனை அழைத்தேன். வர மாட்டார் என்று தெரிந்துதான் அழைத்தேன். வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய காப்பு. பிரேத அறைக்குத் தள்ளி, ஆஸ்பத்திரி கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு சுகந்தியைக் கூப்பிட்டார்.

"ஆயி, நான் சொல்றதக் கேளு. திருவிழா முடிஞ்ச ஒடனே நானே வந்து ஏத்துறேன். சத்தியமா."

"சரிங்க மாமா" என்றாள் சுகந்தி. பிறகு, "அதுவரைக்கும் நான் இங்கனயே இருக்கலாமா? அம்மா தனியா இருந்ததில்ல" என்று கேட்டாள்.

அண்ணன் வேனைச் சுற்றி நடந்தார். டயரை உதைத்தார். என்னைப் பார்த்து, "ஒன்னால வந்த வினை" என்று ஏசினார். அப்புறம் கையை நீட்டினார்.

"நீ எதையும் நம்பாதவ. ஒனக்குப் பாவம் சேராது. அவுத்துவிடு."

மஞ்சள் ஊறிய முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு எதையோ முணுமுணுத்தது. மனிதன் பயப்படுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பொலிஸ் முன்னால், தோட்டத்துரை முன்னால், கடன்காரன் முன்னால். இது வேறு பயம். தனக்கென்று வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒரே வீட்டைவிட்டு அவர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். போகிறோம் என்று தெரிந்தே போனார்.

அவிழ்த்த காப்பை மடியில் கட்டிக்கொண்டு மீனாட்சி அக்காவை வேனில் ஏற்றினார். பேராதனைப் பாலம் தாண்டி வேனை ஓரங்கட்டி, இறங்கிப் போய்க் காப்பை மகாவலி ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"அண்ணே, எல்லாத்தவிட இதுக்குத்தான் பெரிய புண்ணியம்" என்றேன்.

"நம்பாதவ நீ. ஒன் வாயால சொன்னா அங்க செல்லுமா?" என்று கியரைப் போட்டார். "ஆறுதல் சொல்லாத தங்கச்சி. போனது போனதுதான்."

தோட்டத்து முச்சந்தியில் ஆட்கள் மறித்து நின்றார்கள். நேராக மயானத்துக்குக் கொண்டு போ, கோயில் நடையைச் சாத்த வைக்காதே என்றார்கள். அண்ணன் பின்னால் திரும்பி, "வீட்டுக்கா ஆயி, நேராக் குழிக்கா?" என்று கேட்டார். "வீட்டுக்கு" என்றாள் சுகந்தி. அவர் ஹோனை அழுத்திப் பிடித்தபடி லயத்துக்கே ஏற்றினார். மீனாட்சி அக்காவை அவருடைய வாசலில் குளிப்பாட்டினார்கள். மறித்தவர்களின் பெண்டாட்டிகளே வந்து தண்ணீர் ஊற்றினார்கள். கோயில் நடையைச் சாத்தினார்கள். புருசனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தபின் நடை திறந்தது. சாமி ஊர்வலம் மறுநாள் போனது. மலை இடிந்து விழவில்லை.

அண்ணனுக்குத்தான் இடிந்தது. அந்த வருடம் தீக்குழிக்குப் பக்கத்தில் வர விடவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று கும்பிட்டார். அடுத்த வருடம் பூசாரியிடம் தண்டம் கட்டி மறுபடி காப்புப் போட்டுக்கொண்டார். "திரும்ப மொதலாம் வகுப்பு" என்று சிரித்தார். ஆனால் தொடர்ச்சி அறுந்துவிட்டது, தகப்பன் சொன்ன இடம் இனி இல்லை என்றே கடைசிவரை நம்பினார். பிறகு எதற்கு மிதிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வீடு குடுப்பாங்க, காணி குடுப்பாங்கன்னு நம்ம ஆளுங்க எத்தன எலக்சனுக்குக் கியூல நிக்கிறாங்க? கெடைக்காதுன்னு தெரியாதா? ஆசை விடுதா?" என்றார். வேனையும் நிறுத்தவில்லை. கல்யாண ஹயர் ஒன்றுகூட இல்லாமல், மரக்கறி ஏற்றிச் சம்பாதித்துக்கொண்டு பிணம் ஏற்றினார்.

சொர்க்கத்துக்காகச் செய்வது சுயநலமா என்று எத்தனையோ தடவை அவரைக் குத்தியிருக்கிறேன். இன்று என் பதில் இது. சுயநலம்தான். அதில் அசிங்கம் ஒன்றுமில்லை. மீனாட்சி அக்காவோடு நாங்கள் மலையேறிய அந்த வேனில் நானும் இருந்தேன். சொர்க்கத்தை நம்பாத நான் சுத்தமானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு அதில் ஒரு சதம் நட்டமில்லை. விட்டுக்கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஆசைப்பட்ட மனிதனிடம்தான் இருந்தது. அவ்வளவு ஆசைப்பட்டதால்தான் அவர் சுகந்திக்குக் கொடுத்தது அவ்வளவு பெரிதாக இருந்தது. தன்னலமற்றவர் என்று எழுதி அந்த ஆசையை அழித்தால், அவர் கொடுத்ததையும் சேர்த்து அழிக்கிறோம்.

சாவு வீட்டில் கமிட்டித் தலைவர் எழுந்து, "அண்ணன் நேரா சொர்க்கத்துக்குத்தான் போயிருப்பாரு" என்று பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது இதை ஒருவராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் செல்லாது. காப்புக் கட்டுகிற நீங்கள் சொன்னால் செல்லுபடியாகியிருக்கும். கிடைக்காது என்ற நினைப்போடே அந்த மனிதர் செத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கோபம். எனக்குச் சொர்க்கம் இல்லை, ஆத்தாவும் இல்லை. இருந்தும், லோகு அண்ணனை அங்கே வாசலில் நிறுத்தியிருந்தால் என்று நினைக்கும்போது, போய்ச் சண்டை போட அங்கே யாராவது இருந்தாக வேண்டும் என்று தோன்றுகிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாமி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவும் எனக்காக இல்லை.